தாயின் கல்வித் தகுதி

அன்பும் மதிப்பும் மிக்க என் மகனுக்கு,

உன் தாய் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கு நானும் உன் நைனாவும் நலம். நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்ட அன்று வாசலில் நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். அதற்கு விடையளிக்க எனக்குப் பதினொரு நாள் ஆகியிருக்கிறது. இத்தாமதத்திற்காக முதற்கண் உன்னிடம் மன்னிப்புக் கோருகிறேன். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் வீட்டு வழக்கமில்லை. வழக்கமில்லாத வேறு சிலவற்றையும் இக்கடிதத்தில் செய்யவிருக்கிறேன் என்பதால் இதிலிருந்தே தொடங்குவது முறை எனக் கருதினேன்.

அச்சகத்தில் அமர்ந்துதான் எழுதுகிறேன். ஆடிக் கிருத்திகை முடிந்து தெப்பத்தின் மூன்றாம் நாள் இன்று. மலைப்படியில் காவடிகள் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. பம்பைச் சத்தத்தில் மேசை அதிர்கிறது. கணினியில் தட்டச்சு செய்யலாம் என இருமுறை தொடங்கி இருமுறையும் அழித்தேன். விசைப்பலகையில் கை வைத்தாலே விரல்கள் தாமாக அழைப்பிதழ் நடைக்குப் போய்விடுகின்றன. சுற்றமும் நட்பும் சூழ என்று எழுதி முடித்த பிறகுதான் பார்த்தேன். ஆகவே துண்டறிக்கை அச்சடித்து மிஞ்சிய மஞ்சள் தாளின் பின்புறத்தில் பேனாவால் எழுதுகிறேன். முன்புறத்தில் ஆட்டோ ஸ்டாண்டார் வைத்த நீர்மோர்ப் பந்தலின் அறிவிப்பு இருக்கும். அதைப் பொருட்படுத்தாதே. அந்தப் பந்தலே சற்றுப் பின்னர் இக்கடிதத்துக்குள் வரும். பத்து வரிக்கு ஒருமுறை எழுந்து வாசலுக்குப் போய்வருகிறேன். யாரை எதிர்பார்த்து என்று முதலாளி கேட்டார். எவரையும் இல்லை என்றேன். அதுவும் உண்மையில்லை.

நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்தவையும் இதில் உண்டு. ஆனால் நீ நின்ற இடத்திலிருந்து அவை வேறு விதமாகத் தெரிந்தன. பன்னிரண்டாம் வகுப்பில் நீ நல்ல மதிப்பெண் பெற்றாய். கலந்தாய்வில் காஞ்சிபுரத்துப் பக்கத்துக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெற்றிராவிட்டால், முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரி என்னும் சான்றிதழை வாங்கிக் கல்லூரியில் கொடுத்துவிட்டால் போதும். அது இல்லாவிட்டால் உன் நைனாவின் ஆட்டோவும் என் அச்சகச் சம்பளமும் சேர்ந்தாலும் அந்தக் கல்லூரியின் வாசலைத் தாண்ட இயலாது. இது உனக்கும் தெரியும். ஆகவே உன்னை அழைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போனேன். நாற்காலியில் அமர்ந்தபடி நீ என் பக்கம் திரும்பிக் கேட்டது நினைவிருக்கிறதா?

"ம்மா, நீ பி.ஏ.தான? நமக்கு எப்டி ஃபர்ஸ்ட் கிராஜுவேட் வரும்?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ஓடிபிய சொல்லு."

நீ என்னை ஒரு கணம் பார்த்தாய். பிறகு எண்ணைச் சொன்னாய். அந்த ஒரு கணத்தை நான் கவனிக்காததுபோல் பணம் கட்டிய ரசீதை மடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வீட்டுக்கு வந்தார். நம் ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதமே ஆன இளைஞர், பண்பானவர். குடும்ப அட்டையைப் பார்த்தார், உன் நைனாவின் ஐந்தாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தன. புறப்படும்போதுதான் நம் குளியலறையைப் பார்த்தார். கதவுக்குப் பதிலாக நாம் கட்டியிருக்கிற ஃபிளெக்ஸ், மூன்று ஆண்டுக்கு முன் புதுமனை புகுவிழாவுக்கு ஸ்டாண்டுக்காரர்கள் தெருமுனையில் கட்டியது. நல்ல தடிமனான ஷீட்டு, வீணாக்குவானேன் என்று உன் நைனா அதை மடித்துக் கொண்டுவந்து கட்டினார். கைகூப்பி நிற்கும் அவர் படமும் மூக்குக்கண்ணாடியுடன் என் படமும், கீழே எங்கள் பெயர்களும். என் பெயருக்குப் பக்கத்தில் அதே அளவு பெரிய எழுத்தில் பி.ஏ.

"இந்தம்மா யாருங்க?" என்றார் அவர்.

"நம்ம வூட்டுக்காரம்மாதாங்க சார். படத்துல கொஞ்சம் செவப்பா போட்டுட்டானுங்க, அதான் அடையாளம் தெரியல" என்றார் உன் நைனா.

"பி.ஏ.ன்னு போட்டிருக்கே?"

"ஆங், பி.ஏ. தமிழ் சார்! கண்ணாலத்துக்கு அப்றம் படிச்சது. பையன இடுப்புல வெச்சிகினு படிச்சது. ஸ்டாண்டுல பேரு சொன்னா தெரியாது, டீச்சரம்மான்னு கேட்டுப் பாருங்க, யாரா இருந்தாலும் வூட்ட காட்டுவான்."

உன் நைனா மீது குறை சொல்லாதே. அந்தச் சான்றிதழின் பொருள் அவருக்குத் தெரியாது. படிப்புக்கு உதவி கேட்டு மனுப் போட்டிருக்கிறோம், வீட்டில் படித்தவர்கள் இருந்தால் அது மனுவுக்கு வலுச் சேர்க்கும் என்று எண்ணிக்கொண்டார். அலுவலர் என் முகத்தைப் பார்த்தார். நீயும் பார்த்தாய். ஒரே ஒரு சொல் போதுமானதாக இருந்தது. நான் காபித் தம்ளரை நீட்டி, "ஆறிடும், எடுத்துக்கோங்க சார்" என்றேன். இரண்டாம் நாள் மனு திரும்பிவிட்டது. தாயார் பட்டதாரி என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

அன்று பகலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்று நீ கேட்டாய்: "நீ பி.ஏ.வா, இல்லியா? ஒண்ணு சொல்லும்மா." நான், "சோறு ஆறுது, வந்து உக்காரு" என்றேன். வாயில் சொல் வராதபோதெல்லாம் நான் ஏதோ ஒன்று ஆறிப்போவதைப் பற்றித்தான் பேசுகிறேன் போலும். நீ உட்காரவில்லை. "ஃபார்ம்ல பொய் எழுதக் கூடாதுன்னு நீதான சொல்லிக்குடுத்த? இப்ப கவர்மெண்ட்ட ஏமாத்தி என்னிய படிக்கச் சொல்றியா? காலேஜ்ல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு டிக்ளரேஷன் குடுக்கணும். நான் பொய்ல கையெழுத்து போட மாட்டேன்" என்றாய். ஒரகடத்தில் உன் நண்பன் அறையில் இடம் இருக்கிறது, கம்பெனியில் ஒப்பந்தத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய்விட்டாய்.

இப்போது விடை சொல்கிறேன். மகனே, நான் அரசாங்கத்திடம் பொய் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொன்னேன். உன் நைனாவிடமும் சொன்னேன். நான் பட்டம் பெற்றவள் இல்லை.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். மூன்று பேர் அன்னதான நோட்டீசுக்கு மெய்ப்புப் பார்க்க வந்தார்கள்; பார்த்துக் கொடுத்தேன். பிழை ஒன்றும் விடவில்லை.

என் படிப்பின் கதையில் முக்கால்வாசி உண்மையே. எட்டாம் வகுப்போடு கே.ஜி.கண்டிகைப் பள்ளியிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். கரும்பு வெட்டுக்குக் கை தேவைப்பட்டது. மணமாகி இங்கு வந்து இந்த அச்சகத்தில் அழைப்பிதழ் மடிக்கச் சேர்ந்தேன். மடிக்கிற தாளைப் படித்தேன். படித்ததில் பிழை கண்டேன். முதலாளி என்னை மடிக்கிற இடத்திலிருந்து எழுப்பி மெய்ப்புத் திருத்தும் மேசையில் உட்கார வைத்தார். எவரும் எனக்கு எதையும் சொல்லித்தரவில்லை. பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதித் தேறினேன். அவை இரண்டும் உண்மை, சான்றிதழ் இருக்கிறது. பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு படித்ததும் உண்மை.

இறுதியாண்டு முடிவு வந்தபோது நீ ஒன்றாம் வகுப்பு. அச்சகத்துக்கு இரண்டு கடை தள்ளி இருந்த கணினி மையத்தில் பார்த்தேன். இரண்டு தாளில் தேர்ச்சி இல்லை. ஒன்று ஆங்கிலம், அதை நானே எதிர்பார்த்திருந்தேன். மற்றொன்று இலக்கணத் தாள். ஊருக்கெல்லாம் ஒற்றுப்பிழை திருத்துகிற நான் இலக்கணத்தில் தேறவில்லை. அங்கிருந்து அச்சகத்துக்கு எத்தனை அடி இருக்கும், நாற்பதா, ஐம்பதா? அதற்குள் என்ன சொல்வது என்று முடிவெடுத்திருக்க வேண்டும். வாசலில் உன் நைனா மைசூர்பாகுப் பெட்டியுடன் நின்றார். அவருக்குப் பின்னால் ஸ்டாண்டுக்காரர்கள் நான்கு பேர், முதலாளி, டீக்கடைப் பையன்கூட. "இன்னாமே, ஆச்சா?" என்றார் அவர். நான் தலையாட்டினேன். வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை; இதை ஒரு சமாதானமாகப் பல ஆண்டுகள் எனக்குள் வைத்திருந்தேன். பெட்டி திறந்துவிட்டது, என் வாயில் மைசூர்பாகை அவரே வைத்தார்.

அடுத்த தேர்விலேயே அந்த இரண்டு தாளையும் எழுதித் தேறிவிட்டால் தலையாட்டியது உண்மையாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு முட்டாள்தனம் என்று பார். தேர்வு மையம் வேலூரில். ஒரு நாள் முழுவதும் வீட்டை விட்டுப் போக வேண்டும். எதற்கு என்று உன் நைனா கேட்டால் என்ன சொல்வது? தேறிவிட்டவள் மறுபடி எதற்குத் தேர்வு எழுதுகிறாள்? புத்தகத்தை வீட்டில் விரித்து வைக்கவும் வழியில்லை. ஒரு முறை தலையாட்டியதால் படிக்கும் பாதை அடைபட்டுப் போயிற்று. இரண்டு முறை கட்டணம் கட்டினேன். இரண்டு முறையும் போகவில்லை. நேரமில்லை, உனக்குக் காய்ச்சல், அச்சகத்தில் முகூர்த்த மாதம் என்று காரணங்கள் சொல்லலாம். உள்ளபடி சொன்னால், மீண்டும் தோற்றுவிடுவேனோ என்ற அச்சமும் இருந்தது. அந்த மதிப்பெண் பட்டியலை அச்சகத்தில் பழைய மாதிரி அழைப்பிதழ்கள் ஒட்டிய ஆல்பத்தின் கடைசி உறைக்குள் செருகி வைத்தேன். அந்த மாதிரிகளை இப்போது எவரும் கேட்பதில்லை.

இதைவிட எனக்குக் கூச்சம் தருகிற ஒன்றைச் சொல்கிறேன். திருவாலங்காட்டிலிருந்து ஒரு விவசாயி தம் மகன் திருமணத்துக்கு அழைப்பிதழ் அடிக்க வந்தார். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் பி.காம். போடச் சொன்னார். எனக்கு என்னவோ தோன்றி, "முடிச்சிட்டாருங்களா?" என்று கேட்டேன்.

"மூணு வருசம் போனான்மா. இன்னும் இன்னா முடிக்கறது?"

"பாஸ் பண்ணாருங்களா?"

"நீ இன்னா அச்சாபீசா, யூனிவர்சிட்டியா? காசு குடுக்கறேன், போடும்மா!"

நான் போடவில்லை. முடிக்காத பட்டத்தை அச்சிடுவது எங்கள் வழக்கமில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே பட்டம் இல்லாமல் அடித்துக்கொண்டு போனார். பெண் வீட்டார் பக்கம் எம்.எஸ்ஸி. என்று இருந்தது, மாப்பிள்ளைப் பக்கம் வெறுமையாக இருந்தது. அந்த அழைப்பிதழை நூற்றுக்கணக்கில் மடித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. மறு ஆண்டு நம் புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பிதழ் அடித்தோம். நானே தட்டச்சு செய்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த உன் நைனா, "இன்னா உட்டுட்ட? பக்கத்துல பி.ஏ. போடு" என்றார். அந்த விவசாயியின் முகம் ஞாபகம் வந்தது. போட்டேன். ஸ்டாண்டுக்காரர்கள் அழைப்பிதழைப் பார்த்து ஃபிளெக்ஸ் அடித்தார்கள். அந்த ஃபிளெக்ஸ்தான் குளியலறையில் தொங்குகிறது.

உன்னிடம் சொல்லியிருக்க எனக்கு ஆண்டுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. ஒவ்வொரு ஜூனிலும் பள்ளியில் தருகிற படிவத்தை நீ கூடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு நிரப்புவாய். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே, கோடு இழுக்காதே, இல்லாததற்கு இல்லை என்று முழுச் சொல்லாக எழுது என்று சொல்லித்தந்தவள் நான். தாயின் கல்வித் தகுதி என்ற கட்டத்துக்கு வந்ததும் நீ என்னைக் கேட்கவே மாட்டாய். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, மற்றக் கட்டங்களைவிடச் சற்றே பெரிய எழுத்தில் பி.ஏ. என்று எழுதுவாய். நான் அருகில் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு பொய் இருந்தால் துணைக்கு இன்னொன்றும் இருக்கும். எட்டாம் வகுப்பில் உதவித்தொகைத் தேர்வு ஒன்று வந்தது. உன் ஆசிரியர் படிவம் தந்தனுப்பினார். கடைசித் தேதி முடிந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். முடியவில்லை. வருமானச் சான்றுக்கு வரிசையில் நிற்க வேண்டும், டீச்சரம்மா எதற்கு இங்கே என்று எவராவது கேட்பார்கள் என நினைத்தேன். உன் வகுப்பில் இருவருக்கு அத்தொகை கிடைத்தது. எனக்கு இல்லாத ஒரு பெயரைக் காப்பாற்ற உனக்கு உரிய ஒன்றை அன்று விட்டுக்கொடுத்தேன். இரண்டாம் முறையும் அதையே செய்யவிருந்தேன்.

நீ போன பின் ஒவ்வொரு நாளும் அலுவலகத்துக்குப் போவதாகப் புறப்பட்டேன். முதல் நாள் அந்த அலுவலர் இல்லை. இரண்டாம் நாள் கூட்டமாக இருந்தது; திரும்பிவிட்டேன். மூன்றாம் நாள் கூட்டமே இல்லை, அதற்கும் திரும்பிவிட்டேன். அதற்குள் கிருத்திகை வந்துவிட்டது, வருவாய்த்துறையார் அனைவரையும் திருவிழாப் பணிக்குப் போட்டுவிட்டார்கள். கல்லூரியில் சேர்க்கையை உறுதிசெய்ய வெள்ளிக்கிழமை கடைசி. உன் நைனா உனக்குப் பேசினால் ஷிஃப்டில் இருக்கிறேன் என்கிறாய். நான் பேசினால் மணி அடித்து ஓய்கிறது. நேற்றுக் காலை ஆல்பத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, அவர் எங்கே பணியில் இருக்கிறார் என்று விசாரித்துப் போனேன். சரவணப் பொய்கைக்குப் போகிற வழியில், நம் ஸ்டாண்டாரின் நீர்மோர்ப் பந்தல் நிழலில்தான் நின்றிருந்தார். பந்தலுக்குள் உன் நைனா அகப்பையுடன் அண்டாவுக்குப் பின்னால் நின்றார். திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். பின்னால் காவடிக்கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்ததால் திரும்ப முடியவில்லை.

"சார், அந்த சர்டிபிகேட் விஷயமா. நான் பி.ஏ. முடிக்கல சார்."

"ஆங்? கேக்கலம்மா."

"முடிக்கல சார்!"

"என்னது முடிக்கல? அப்ளிகேஷனா?"

ஒலிபெருக்கி ஒரு பக்கம், பம்பை ஒரு பக்கம், அரோகரா ஒரு பக்கம். நான் கத்தினேன்: "பி.ஏ. சார்! நான் பாஸ் பண்ணல! ரெண்டு பேப்பர் ஃபெயில்!"

பம்பை நிற்கவில்லை. காலையிலிருந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே பேசிக் கேட்டுப் பழகிய ஸ்டாண்டுக்காரர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டுவிட்டது.

"இன்னா டீச்சர், ஃபெயிலா?" என்றான் ஒருவன்.

"ரெண்டு பேப்பர்தான்டா ஃபெயிலு. நீ எயிதுனதே ரெண்டு பேப்பர்தான், ரெண்டும் லைசென்சுக்கு" என்றான் இன்னொருவன்.

உன் நைனா சிரிக்கவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவருக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தவர் ஊற்றிக்கொண்டே இருந்தார். "அண்ணா, வழியுது, போதும்" என்று அந்தப் பக்தர் சொன்ன பிறகுதான் கையை நிமிர்த்தினார்.

அலுவலர் தாளை வாங்கி இருபுறமும் படித்தார். "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"அன்னிக்கு தைரியம் வரல சார்."

"சரி. இத ஸ்கேன் பண்ணி சேத்து மறுபடி அப்ளை பண்ணுங்க. நான் உடனே அனுப்பிடறேன். ஆனா எனக்கு மேல ரெண்டு பேர் பாக்கணும், அவங்களும் இங்கதான் எங்கயாவது டியூட்டில இருப்பாங்க. லேட் பண்ணாதீங்க. ஓடிபி பையன் நம்பருக்குத்தான் வரும். காலேஜ் டிக்ளரேஷன்லயும் அவன் கையெழுத்து வேணும். பையன் எங்க?"

"ஒரகடத்துல சார்."

"வரச் சொல்லுங்க" என்றார். எளிதாகச் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பும்போது நான் ஆட்டோவின் பின்னிருக்கையில். உன் நைனா வழக்கமாகக் கண்ணாடியில் பார்த்துப் பேசிக்கொண்டே வருவார். நேற்றுக் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டார். வாசலில் இறங்கியதும் சொன்னார்: "பன்னண்டு வருசமா என்னிய ஊரெல்லாம் சொல்ல வெச்சிட்டியே. எனக்கு மட்டுமாவது சொல்லிருக்கலாம்ல?"  நேரே போய்க் குளியலறை ஃபிளெக்ஸை அவிழ்க்கத் தொடங்கினார். வெள்ளைப் பக்கம் வெளியே வருமாறு திருப்பிக் கட்டப் போகிறாராம். வேண்டாங்க என்றேன். ஆட்டோவின் கருவிப் பெட்டியிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்துவந்து, முக்காலி மீது ஏறி, என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எழுத்துகளின்மீது நானே ஒட்டினேன். அவர் சிறிது நேரம் தள்ளி நின்றார். பிறகு வந்து முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"கோணலா ஒட்ற."

"இருக்கட்டும்."

"ஸ்டாண்டுல சிரிப்பானுங்க."

"இன்னான்னு?"

"டீச்சருக்கு டேப்பு ஒட்டத் தெரியலன்னு."

முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். இன்று காலை குறைவாகத்தான் பேசினார். இது ஒரு நாளில் சரியாகிற ஒன்றில்லை. நானும் அவசரப்படுத்தப் போவதில்லை. என் அவசரமெல்லாம் உன்னைப் பற்றியது.

நீ கையெழுத்துப் போட மறுத்தது சரி. உனக்குத் தெரிந்த அளவில் அது பொய். பொய்யில் நீ கையெழுத்துப் போடவில்லை. நான் வாயால் கற்றுத்தந்ததை நீ கையால் செய்தாய், அதுவும் எனக்கு எதிராகவே. இதற்காக நான் பெருமைப்படலாமா கூடாதா என்று பதினொரு நாளாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் இப்போது அந்தப் படிவத்தில் பொய் இல்லை. மூன்று தாள்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஒன்று, என் மதிப்பெண் பட்டியலின் நகல். மூன்றாம் வரியையும் ஆறாம் வரியையும் பார். மற்றொன்று, கல்லூரியின் கூட்டு உறுதிமொழிப் படிவம். என் கையெழுத்து இருக்கிறது, உன்னுடையதற்கு இடம் விட்டிருக்கிறது. இன்னொன்று, குடும்ப விவரப் படிவம். அதில் தாயின் கல்வித் தகுதி என்னும் கட்டத்தை இம்முறை நானே நிரப்பினேன்: மேல்நிலைத் தேர்ச்சி, பட்டம் இல்லை. கோடு இழுக்கவில்லை, முழுச் சொல்லாகவே எழுதினேன்.

என்மீது உள்ள கோபத்தை விட்டுவிடு என்று கேட்க மாட்டேன். அதை நீ உடன் கொண்டுபோகலாம், கல்லூரிக்கும் கொண்டுபோகலாம். என்மீதுள்ள கோபத்துக்காகக் கம்பெனியின் வாசலில் உன் பதினெட்டு வயதை நிறுத்தி வைக்காதே என்று மட்டும் கேட்கிறேன். இல்லை, ஆராய்ந்து பார்த்து வேலையே எனக்குப் போதும் என்று நீ முடிவெடுத்தால் அதையும் சொல். உன் வாயிலிருந்து வருவதை நான் ஏற்பேன். ஏற்கப் பழகிக்கொள்வேன். எதுவும் சொல்லாமல் இருந்துவிடாதே. நான் பன்னிரண்டு ஆண்டுகள் அப்படி இருந்தவள். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பது எனக்குத் தெரியும். இன்னொன்றையும் கேட்டு வைத்தேன்: அந்த இரண்டு தாளை இனி எழுத முடியாதாம், பாடத்திட்டம் மாறிவிட்டதாம், முதலிலிருந்து சேர வேண்டுமாம். சேர்வேனா என்று இப்போது தெரியாது. சேர்ந்தாலும் நீ முடித்த பிறகுதான். இந்த வீட்டின் முதல் பட்டதாரி என்னும் பெயரை உன்னிடமிருந்து நான் பறிக்க மாட்டேன்.

எதிர்வீட்டு மருமகள் இரண்டு மணிக்கு ஒரகடத்துக்குப் போகும் கம்பெனிப் பேருந்தில் ஏறுகிறாள்; அவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையில் போட்டிருக்கிறேன், ஆனால் ஒட்டவில்லை. அவள் படித்தாலும் படிக்கட்டும், பேருந்தில் வேறு எவர் வாங்கிப் படித்தாலும் படிக்கட்டும். பொய்யை நான் தெருமுனையில் படம் போட்டுக் கட்டியவள். உண்மையை ஒட்டி அனுப்ப எனக்கு உரிமையில்லை. மணி ஒன்றரை ஆகிறது. மெய்ப்புப் பார்க்க நேரமில்லை. இதில் பிழை இருந்தால் இருக்கட்டும்.

இன்று திங்கள். நாளைக் காலை பத்து மணிக்கு இ-சேவை மையத்தின் வாசலில் இருப்பேன். உன் கைபேசிக்கு ஆறு இலக்க எண் வரும். அதைச் சொல்வாயா, மாட்டாயா என்பதைப் பத்து மணிக்குள் எனக்கோ உன் நைனாவுக்கோ தெரிவி. ஒரு வரி போதும். விரைந்து பதில் அனுப்பு.

உன் அம்மா